அப்பா பாதியில் நிறுத்திய நாடகம்

அப்பாவின் முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள்தான் டிவியின் மேல் போட்டிருந்த வெள்ளைத் துணியை எடுத்தோம். செத்த வீட்டில் அதுவரைக்கும் டிவி போடுவதில்லை. துணியை மடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, போடு என்று அம்மா சொன்னார். போட்டேன். படம் சதுரம் சதுரமாக உடைந்தது. ஒரு பெண்ணின் வாய் ஓரிடத்தில் நின்றது, கண் இன்னோரிடத்தில் நின்றது. குரல் விக்கி விக்கி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் வந்தது.

"அவர் போக அதுவும் போயிற்று" என்றார் அம்மா. அழவில்லை. சும்மா சொன்னார்.

எங்களுடையது பதிவு செய்கிற பெட்டி. டிஷ்ஷில் இருந்து வருகிற படத்தைத் தனக்குள் எடுத்து வைத்துக்கொள்ளும், வேண்டிய நேரம் பார்க்கலாம். அப்பாவுக்காகத்தான் அதை வாங்கினோம். அவர் பொழுதுபடத் தோணி எடுத்து வாவிக்கு மீன் பிடிக்கப் போனால் விடியத்தான் வருவார். அவருடைய நாடகமோ இரவில் வரும். மாமியார், மருமகள், சொத்து, கண்ணீர் என்று போகிற நாடகம். வலைக்கயிறு அறுத்து அறுத்துக் கை காய்த்துப்போன மனிதர், இந்த நாடகத்துக்காக விடியக் காலையில் மீனை விற்றுவிட்டு விறுவிறு என்று வருவார் என்று யாருக்காவது சொன்னால் சிரிப்பார்கள்.

அம்மா அதை இரவே பார்த்துவிடுவார். அப்பா வந்து கிணற்றடியில் கால் கழுவும்போதே கேட்கத் தொடங்குவார், அந்தப் புள்ளை வீட்டை விட்டுப் போனாளா இல்லையா என்று. நாடகத்தில் மருமகள் வீட்டை விட்டுப் போகப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ கிழமை ஓடிவிட்டது. அம்மா வாயே திறக்க மாட்டார். "பாருங்களன்" என்று ஒரு சொல்தான். அப்பா கோபம் வந்த மாதிரி முகத்தை வைப்பார். உண்மையில் அம்மா சொல்லியிருந்தால்தான் அவருக்குக் கோபம் வந்திருக்கும்.

கடைசி நாளும் அப்படித்தான் வந்தார். தேத்தண்ணீரோடு இருந்து நாடகத்தைப் போட்டார். பாதியில் ரிமோட்டை அமத்தி நிறுத்தினார். நெஞ்சு இறுக்குகிறது, கொஞ்சம் படுக்கிறேன், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார். பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றினோம். ஆசுபத்திரி வாசலுக்குப் போகும்போது அவர் இல்லை.

பாதியில் நிறுத்தின எதையும் அந்தப் பெட்டி ஞாபகம் வைத்திருக்கும். பதிவுகள் வரிசையாக வரும் இடத்தில், முழுக்கப் பார்த்ததற்குப் பக்கத்தில் முழுக்கோடு இருக்கும். பாதி பார்த்ததற்குப் பாதிக்கோடு. அப்பா நிறுத்தின நாடகத்துக்குப் பக்கத்தில் பாதிக்கோடு இருக்கும். டிவியில் படம் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தப் பாதிக்கோடு மட்டும் அழிந்துவிடக் கூடாது. அம்மாவும் நானும் இதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் நான் ரிமோட்டைத் தொடும்போதெல்லாம் அம்மா என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பெட்டியில் வரும் இங்கிலீசு எழுத்து எனக்கு ஓடாது, எது எந்த இடத்தில் வரும் என்ற ஞாபகத்தில்தான் அமத்துவேன். முதலில் பெட்டியின் பிளக்கைக் கழற்றித் திரும்பப் போட்டேன். வயரின் நுனியைக் கழற்றினேன். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. துணியால் துடைத்து இறுக்கிப் பார்த்தேன். முருங்கைக் கொப்பு மறைக்கிறதோ என்று அதையும் வெட்டினேன். அம்மா இலையை உருவிக் கறி வைத்தார். படம் வரவில்லை.

பிறகு பெட்டியை அப்பா கட்டுகிற சாரன் ஒன்றில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி காத்தான்குடிக்குப் போனேன். அங்கே இப்படியான பெட்டிகள் திருத்தும் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் சரிவரும், ஒரு பத்து நிமிசம் இரு என்றார். வயரைச் செருகப் போனார். நான் பெட்டியை எட்டி இழுத்துக்கொண்டேன். அவருடைய மேசையில் இருந்த திருகாணிகள் எல்லாம் கீழே கொட்டின.

"என்ன தங்கச்சி, பெட்டிக்குள்ள பவுனா வச்சிரிக்கீங்க?" என்றார்.

திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னேன். அப்பா மௌத்தாகி ஒரு மாதம், அவர் பார்த்த நாடகம் பாதியில் நிற்கிறது என்று. அவருக்கு விளங்கட்டும் என்று சாவுக்கு முஸ்லிம் ஆட்கள் சொல்லும் சொல்லையே சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. நாடகத்துக்காகப் பஸ் ஏறி வந்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த வயரைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"பழைய பதிவுகள் தெளிவா ஓடுதா?"

போட்டுப் பார்க்கவில்லை என்றேன். போட்டுப் பாருங்கள் என்றார். பழையது தெளிவாக ஓடினால் பெட்டியிலும் பிழை இல்லை, டிவியிலும் பிழை இல்லை, வெளியே டிஷ் பக்கம்தான் தேட வேண்டும், பெட்டியைத் தொடவே தேவையில்லை. சாரனை அவரே திரும்பச் சுற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்து பதிவுகளைத் திறந்தேன். பார்த்தால் வரிசை நீண்டுபோய்க் கிடந்தது. டிவியை மூடி வைத்தோமே தவிர, அந்த ஒரு மாதமும் பெட்டியின் பிளக்கை யாரும் கழற்றவில்லை. தினமும் அந்த நேரத்துக்கு அது தன்பாட்டில் அப்பாவுக்காக நாடகத்தை எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இப்போது ஞாபகம் வருகிறது, செத்த வீட்டுக்கு வந்தவர்கள் பாயில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போது வெள்ளைத் துணிக்குக் கீழே ஒரு சிவப்பு வெளிச்சம் எரியும்.

அப்பாவின் பாதிக்கோட்டைத் தொடாமல் அதற்கு முந்தினதைப் போட்டேன். கண்ணாடி மாதிரி ஓடியது. அவர் செத்த நாள் எடுத்ததும் நல்லது. அதற்கு மறுநாள், அடக்கம் செய்த அன்று எடுத்தது நல்லாகத் தொடங்கி, நடுவில் மழைக்கு உடைவதுபோல் உடைந்தது. மழைக்கு உடைந்தால் மழை விடப் படம் சேர்ந்துவிடும். இது சேரவில்லை. அதற்குப் பிறகு எடுத்தது எல்லாமே சதுரம்தான்.

அந்த மழை எனக்கு நல்ல ஞாபகம். முற்றத்தில் ஆட்கள் இருப்பதற்காகக் கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கில் தண்ணீர் நிரம்பி, பெரிய வயிறு மாதிரி கீழே தொங்கியது. கதிரையில் இருந்தவர்கள் எழும்பி ஓட, ஆம்பிளைகள் தடியால் படங்கைத் தள்ளித் தண்ணீரை ஊற்றினார்கள்.

எழும்பி வெளியே போனேன். டிஷ் நட்டிருக்கும் இரும்புக் குழாயில், டிஷ்ஷைப் பிடித்திருக்கும் பூட்டோடு சேர்த்து, நீலக் கயிறு ஒரு வளையமாக இறுகிக் கிடந்தது. படங்கைக் கழற்றும்போது முடிச்சு அவிழாமல் கத்தியால் அறுத்து எடுத்த மிச்சம். ஒழுங்கையில் இறங்கிப் பார்த்தேன். எல்லா வீட்டு டிஷ்ஷும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. எங்களுடையது மட்டும் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு ஆள் அனுப்பினேன். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவோடு ஒரே தோணியில் போனவர், இப்போது தனியாகப் போகிறார். வந்து குழாயைப் பார்த்தார். கயிற்று வளையத்தை விரலால் தொட்டார்.

"படங்க நான்தான் அக்கா இதில கட்டினன்" என்றார். "வலைக்குப் போடுற முடிச்சு. வேற முடிச்செண்டா தண்ணிப் பாரத்துக்கு அவுந்து விழுந்திரிக்கும். இது அவுழாம டிஷ்ஷ வாவிப்பக்கம் கிறுக்கித் திருப்பிப்போட்டிது."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அம்மா படியில் இருந்து வளையத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் கட்டியிரிக்காய். அத்தானே சொல்லுவார், உன்ர முடிச்ச அவுக்கக் கடவுள்தான் வரணும் எண்டு."

மாமா சிரிக்கப் பார்த்து, முடியாமல், ஸ்பேனரை எடுத்துப் பூட்டைத் தளர்த்தத் தொடங்கினார்.

நான் டிவிக்கு முன்னால், அம்மா வாசலில், மாமா வெளியே. பெட்டியில் இரண்டு கோடு வரும். ஒன்று எப்போதும் நிரம்பித்தான் இருந்தது. மற்றதுதான் ஒன்றும் இல்லாமல் கிடந்தது, அதுதான் ஏற வேண்டும். ஏறினால் நான் அம்மாவுக்குச் சொல்வேன், அம்மா மாமாவுக்குச் சொல்வார். சொல் போய்ச் சேர்வதற்குள் மாமா அந்த இடத்தைத் தாண்டிவிடுவார். பெட்டிக்கும் கொஞ்சம் நேரம் தேவை, உடனே காட்டாது.

"வலை இழுக்கிற மாதிரி இழுக்காதடா" என்றார் அம்மா. "கொஞ்சம் கிறுக்கு. நில். மறுகா கொஞ்சம்."

ஒரு விரல் அளவு, நிற்பது, இன்னொரு விரல் அளவு. கோடு ஏறியது. படம் வந்தது. ஏதோ சமையல் காட்டினார்கள். மாமா பூட்டை இறுக்கினார். கயிற்று வளையத்தை அறுத்து மடியில் செருகிக்கொண்டு, கை கழுவி உள்ளே வந்தவர், நிலத்தில் இருந்தபடி மெதுவாகக் கேட்டார்.

"அக்கா, அந்தப் புள்ள வீட்ட விட்டுப் போயிற்றாளா?"

அம்மா திரும்பிப் பார்த்தார். "எந்தப் புள்ள?"

"நாடகத்துல. அத்தான் ஒவ்வொரு நாளும் தோணியில கத சொல்லுவார். கடைசியாப் பார்த்தது மட்டும் சொல்லல்ல."

"தோணியில இதையா கதைக்கிற நீங்க?"

"மீன் படாட்டி வேற என்னத்தக் கதைக்கிற?"

அம்மா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, அதைப் போடு என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. ஆனால் போட்டு முடித்தால் பாதிக்கோடு முழுக்கோடாகிவிடும், திரும்பப் பாதி ஆக்க முடியாது என்று சொன்னேன். அம்மா டிவிக்கு முன்னால் வந்து இருந்தார்.

"அவர் மிச்சத்தப் பார்ப்பம் எண்டுதானே சொன்னவர்" என்றார். "போடு."

மாமாவுக்காக முதலில் இருந்தே போட்டேன். அப்பா நிறுத்தின இடம் வரும்போது நான் டிவிக்கு இன்னும் கிட்டப் போனேன். என்ன இருக்கும் என்று நினைத்தேனோ தெரியவில்லை. அந்த இடத்தில் ஒரு சவர்க்கார விளம்பரம்தான் இருந்தது. அது முடிய நாடகம் வந்தது. அந்தப் புள்ளை சூட்கேசோடு வாசல் படலையடிக்கு வந்து நின்றாள். அதோடு முடிந்தது.

போனாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த நாள் எடுத்ததைப் போட்டுப் பார்த்தேன். அவர் செத்த அன்று எடுத்தது தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அதிலும் அவள் படலையடியிலேயே நின்று அழுதுகொண்டிருந்தாள். மறுநாள் எடுத்ததில், அவள் ஒரு முடிவுக்கு வருமுன்னே மழை வந்துவிட்டது. உடைந்துபோன பதிவுகளை எல்லாம் அழி என்று அம்மா சொல்ல, ஒவ்வொன்றாக அழித்தேன்.

தினமும் இரவு நாடகத்தை எடுக்கும்படி பெட்டியில் வைத்திருந்ததை நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் அம்மா. அன்று இரவு நாடகம் வந்தபோது டிவிக்கு முன்னால் இருந்து பார்த்தார்.

அடுத்த நாள் விடிய மாமா மீனோடு வந்தார். எங்கள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே, அந்தப் புள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அம்மா அடுப்படியில் தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பாரன்" என்றார்.