நீரில் சுழலும் தடி

நானே கண்டதையும் கேட்டதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப்போவதில்லை. என் தங்கை கணவரின் இறப்பைப் பற்றிக் கம்பத்தில் ஒரு கதையும் குமுளியில் வேறொரு கதையும் உலவுகின்றன. மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

கம்பத்திலிருந்து கேரளத்துக் குமுளிக்கு மலையேறி வந்து தமிழ் கற்பிக்கும் எனக்கு இங்கே முதலில் இடறிய சொல் 'தடி'. நமக்கு அது கைக்கோல். மலையாளத்தாருக்கு வெட்டிச் சாய்த்த பெருமரம். தேநீர்க் கடையில் வர்க்கி என்பவர், "மாஷே, மழ பெய்தால் தடி வரும்" என்றபோது, "யாரை அடிக்க?" என்று கேட்டுவிட்டேன். "பாண்டி மாஷின்டெ பேடி கண்டோ!" என்றார் அவர். கடையே சிரித்தது. பாண்டி மாஷ் என்றால் தமிழ்நாட்டு வாத்தியார், பேடி என்றால் இங்கே அச்சம் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

மழைக்காலத்தில் மரங்களை ஆற்றில் விட்டுக் கீழேயுள்ள அறுவை ஆலைக்கு அனுப்புவார்கள். பாறையில் சிக்கியவற்றைத் தள்ளிவிடும் வேலைக்குக் கம்பத்திலிருந்து வந்தார் முத்தையா, என் தங்கை செல்லம்மாளின் கணவர். குறைந்த கூலிக்கு ஒப்பிய தமிழர்மீது உள்ளூர் ஆட்களுக்குச் சினம் இருந்தது. அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். அந்த ஆடியில் முத்தையாவை மண்டை உடைந்த பிணமாகக் கரையில் கிடத்தினார்கள். அவர் இறந்தபோது உடன் வேலையில் இருந்தவர் உள்ளூர் ஆளான வர்க்கி மட்டுமே.

ஓடிவந்த செல்லம்மாளிடம் அவர் கைகூப்பினார். "தடி கொண்டு மரிச்சதா, பெங்ஙளே."

"தடிகொண்டா? அண்ணே, அடிச்சே கொன்னுட்டாகளா?"

மரம் பட்டு இறந்தார் தங்கச்சி என்கிறார், 'கொண்டு' என்றால் பட்டு என்று பொருள் என விளக்கினேன்.

"மரம்னா மரம்னு சொல்ல வாயில்லையா அவனுக்கு? நீ அவுக சோத்தைத் திங்கிறவன். அவுக பேச்சைத்தான் பேசுவ."

நீளத்தடி ஒன்று தலைகுத்தி மறிந்து, பாறைமேல் நின்றவரின் தலையில் விழுந்தது என்றார் வர்க்கி. அந்த மழை ஓயும்வரை, பள்ளி விட்டதும் அந்தப் பாறையருகே போய் நின்றேன். கொந்தளிக்கும் நீரில் குட்டைத் துண்டுகள் தலைகீழாகப் புரண்டன. நீளத்தடிகள் அப்படிப் புரளவில்லை. அவற்றின் நீளம் நெடுகச் சிறு சுழல்கள் ஒன்றுக்கொன்று மாறாக இழுத்ததால், முனை தூக்க வழியின்றி, வண்டியச்சைப் போலத் தம் நீளவாக்கிலேயே உருண்டு சுழன்றன. ஒரே ஒரு தடியை மட்டும் பெருஞ்சுழல் ஒன்று முனையில் பற்றியது. அது ஆளுயரத்துக்கு எழுந்து விழுந்தது.

இதைத் தங்கையிடம் மறைக்காமல் சொன்னேன். "எத்தனையோ பாத்த. எந்திரிச்சது எத்தனை?" என்று கேட்டாள். ஒன்று என்றேன். "அந்த ஒண்ணு போதும் உனக்கு" என்று கதவைச் சாத்தினாள். வர்க்கியிடமும் சொன்னேன். "பாக்கியொக்கெ மதியல்லோ மாஷினு" என்றார். எழாத மற்றவையெல்லாம் உமக்குப் போதுமே என்று பொருள். தேநீர்க் கடையில் நான் அமரும் பலகையில் அவர் இப்போது அமர்வதில்லை.

விடுமுறை தோறும் குமுளியில் பேருந்தேறிக் கம்பம் இறங்குகிறேன். தங்கை வீட்டுக் கதவு தெரியும் இடம்வரை நடந்து, நின்று, அடுத்த பேருந்தில் மலையேறித் திரும்புகிறேன். எல்லையில் அரிசி கடத்துகிறேனா என்று என் பையைத் துழாவுகிறார்கள். அதில் அவளுக்கென்று எடுத்துப்போய்க் கொடுக்காமலே திரும்பக் கொண்டுவரும் ஏலக்காய் இருக்கிறது.

முத்தையாவைக் கொன்றது மரமா மனிதனா என்பது எனக்குத் தெரியாது.