டப்பா அடங்கும் வரை

செய்தி வந்தபோது பகல் பதினொன்றரை. வந்தது ஆளிடம் அல்ல, ஜன்னல் ஓரம் இருந்த நீல நிற பிஸ்கட் டப்பாவிடம்.

உள்ளே கிடந்த போன் தகரத்தில் முட்டி முட்டி அதிர்ந்தது. கம்ப்யூட்டர்களின் முன் இருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள்.

"மேடம், டப்பா பேசுது," என்றார் டிராயிங் அண்ணன். அலுவலகத்திலேயே மூத்தவர். வரைபடம் போடுவதில் கை தேர்ந்தவர். வாயும் கொஞ்சம் நீளம்.

"பேசட்டும் அண்ணே. ஆறு மணிக்குப் பதில் சொல்லிக்கலாம்," என்றாள் சிட்டு.

சிட்டு என்பது அவளுடைய அப்பா வைத்த செல்லப் பெயர். அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகம் அவளுடையது. அங்கே எல்லோருக்கும் அவள் மேடம்தான். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் காலையில் போனை டப்பாவில் போட்டுவிட வேண்டும், மாலை ஆறுக்குத்தான் கைக்கு வரும் என்பது அவள் போட்ட சட்டம். சட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆண்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்ததும் ஒரே ஒரு மாணவி. அவளுக்காகவே சிட்டு கடைக்குப் போய் ஒரு பெரிய டப்பா பிஸ்கட் வாங்கி, பிஸ்கட்டை ஆளுக்கு நாலாகக் கொடுத்துவிட்டு டப்பாவை வைத்துக்கொண்டாள். டயட்டில் இருப்பதாகச் சொன்ன அண்ணனுக்கு எட்டு போயிற்று.

டப்பா மறுபடி அதிர்ந்தது. மாணவி உள்ளே, அட்டையில் கட்டட மாதிரி செய்யும் மாடல் அறையில் இருந்தாள். பசை வாடைக்காக எந்நேரமும் மின்விசிறி ஓடும் அறை. வெளியே கேட்கும் சத்தம் எதுவும் எட்டாது. சிட்டு எழுந்து போய் மூடியைத் திறந்தாள். திரையில் 'அம்மா' என்றிருந்தது. எடுத்தாள்.

"பாப்பா, எங்கடீ இருக்கே?"

"நான் அவங்க மேடம் பேசறேங்க."

"மேடமா? அவங்கப்பா காலையில விழுந்துட்டாருங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம். பேச்சு கொஞ்சம் இருக்கு. அவளைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கார். டாக்டர் ஒண்ணும் நம்பிக்கையா சொல்லல. அவளை உடனே அனுப்பி வைங்கம்மா."

"சொல்றேன்," என்றாள் சிட்டு.

போனை உள்ளே வைத்து மூடியை அழுத்தினாள். அழுத்திய பிறகுதான் அந்தச் சொல் யாருடையது என்று உறைத்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று, வெகு நாளாகக் காத்திருந்தது, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது.

பதினெட்டு வருஷத்துக்கு முன் இன்னொரு அலுவலகத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அந்த அலுவலகத்தின் முதலாளி கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மாணவர்களுக்குள் அவர் பெயர் கண்ணாடிக்காரர். ஊரிலேயே பெரிய கை. அவரிடம் பயிற்சி கிடைப்பதே அரிது. பஸ் டிரைவரின் மகளான சிட்டுவுக்குக் கிடைத்தபோது அவளுடைய அப்பா டெப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். "என் பொண்ணு ஊருக்கெல்லாம் வீடு கட்டப் போறா. நான் வாடகை வீட்ல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்." அவள் முதலாம் ஆண்டில் அட்டையில் செய்த சின்ன வீடு டிவி மேல் இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டி, எந்த அறை யாருக்கு என்று பங்கு பிரிப்பார்.

நான்காவது மாதம் ஒரு நாள், சாயங்காலம் ஐந்து மணிக்கு, நூலகம் கட்டித் தரச் சொல்லியிருந்த கட்சிக்காரர் வருவதாக இருந்தது. அவருக்குக் காட்டவேண்டிய நூலக மாடல் சிட்டுவின் கையில். அன்று கண்ணாடிக்காரர் வழக்கத்துக்கு மாறாக இதமாக இருந்தார். மதியம் வெளியே அலைய வேண்டாம் என்று தன் செலவில் சாப்பாடு வரவழைத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டே அவள் சாப்பிட்டாள். கட்சிக்காரருக்கு மாடல் பிடித்துப்போயிற்று. ஆறு மணிக்குக் கண்ணாடிக்காரர் டப்பாவிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"வீட்ல ஏதோ அவசரமாம். போ."

அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். காலையில் டெப்போவில் சரிந்தவர் மூன்று மணி வரை நினைவோடு இருந்திருக்கிறார். "சிட்டு வந்துட்டாளா" என்று கேட்டபடியே இருந்திருக்கிறார். சில நாள் கழித்துத்தான் அவள் கூடப்பிறந்த அண்ணன் கேட்டான்.

"பன்னெண்டு மணிக்கே ஒரு ஆளு போனை எடுத்தாரே. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, சொல்றேன்னாரே. உன்கிட்ட சொல்லலியா?"

அந்தச் சாப்பாடு அன்றைக்குத்தான் அவள் தொண்டையில் சிக்கியது. அதற்குப் பின் இறங்கவே இல்லை.

வேறு அலுவலகத்துக்கு மாறிவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் திரும்பி அங்கேயே போனாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் போனைத் தானே டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்து வேலை கற்றாள். ஆசையில் கற்றவர்கள் உண்டு, பயத்தில் கற்றவர்கள் உண்டு. அவள் வன்மத்தில் கற்றாள், அதனால் ஒன்றும் மறக்கவில்லை. அட்டை வெட்டும்போது கத்தியை அழுத்தக்கூடாது, லேசாக மூன்று முறை இழுத்தால் தானாகப் பிரியும் என்று கற்றாள். ஏறுகிறவனுக்கு ஏறுகிறோம் என்ற நினைப்பே வராமல் படி அமைக்கக் கற்றாள். மேஸ்திரி தலையைச் சொறிந்தால் கம்பி குறைத்துப் போட்டிருக்கிறான் என்று கண்டுபிடிக்கக் கற்றாள். கட்சிக்காரர் வேண்டாம் என்பதை அவர் வாயாலேயே வேண்டும் என்று சொல்ல வைப்பதையும் கண்ணாடிக்காரரிடமிருந்தே எடுத்துக்கொண்டாள். பயிற்சி முடிந்தபோது அவர் அவளுக்கு அள்ளிப் போட்டார் மதிப்பெண்ணை. "இந்தப் பொண்ணு பொறுமைசாலி" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

அதன்பின் அவள் வாழ்க்கையை யார் எப்படிச் சொன்னாலும் அது அவரிடமிருந்து பிடுங்கியதன் கதைதான். அவர் பார்த்துவைத்த பள்ளிக்கூடத்தை அவள் கட்டினாள். அவர் இருபது வருஷமாகக் கட்டிக்கொடுத்த கம்பெனி அவளிடம் வந்தது. அவருடைய சிறந்த கையான டிராயிங் அண்ணனையே இழுத்துக்கொண்டாள். அவர் அலுவலகம் மூன்று மாடியிலிருந்து ஒரு மாடிக்குச் சுருங்கியது. ஆனால் ஒவ்வொரு முறையும் மனுஷன் போன் செய்து வாழ்த்தினார். "நான் வளத்த கை, சும்மாவா" என்று சிரித்தார். அடி விழுவதே தெரியாதவனை எங்கே அடிப்பது? அவளுக்கு வேண்டியது அவர் தோற்பது அல்ல. அன்றைக்கு அவள் அப்பா கேட்டுக்கொண்டு கிடந்தது போல் அவரும் ஒரு நாள் கிடக்க வேண்டும். அவ்வளவுதான். அது தன் கையில் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு மாதத்துக்கு முன் அவரே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நரைத்து, தளர்ந்து, அதே கயிற்றில் அதே கண்ணாடி.

"இவளுக்குப் பயிற்சி நீதான் குடுக்கணும். என்கிட்ட இருந்தா செல்லம் குடுத்துக் கெடுத்துருவேன்."

"ரொம்பக் கஷ்டப்படுவாளே சார்."

"படட்டும். நான் உனக்குச் செஞ்ச மாதிரியே இவளுக்கும் செய். வேற ஒண்ணும் வேண்டாம்."

"சரி சார்," என்றாள் சிட்டு. "அப்படியே செய்யறேன்."

அன்று சாயங்காலம்தான் பிஸ்கட் வாங்கினாள்.

இப்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சிட்டு மாடல் அறைக்குள் போனாள். ஐந்து மணிக்கு வரும் கட்சிக்காரருக்கான மாடலில் படிக்கட்டைத்தான் மாணவி ஒட்டிக்கொண்டிருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு படியாக வைத்து ஊதினாள்.

"முடிஞ்சிருச்சு மேடம். பாருங்க, கை நடுங்கவே இல்ல."

சிட்டு குனிந்து பார்த்தாள். மாணவி அட்டையின் கனத்தைக் கழிக்காமல் படிகளை வெட்டியிருந்தாள். மேலே போகப்போக அந்த மயிரிழை சேர்ந்து, கடைசி இரண்டு படிகள் மாடித் தளத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றன. எந்தக் கட்சிக்காரர் கண்ணுக்கும் தெரியாது. விட்டிருக்கலாம்.

"மேல ரெண்டு படி உயரம் சரியில்ல. பிரிச்சுட்டு புதுசா வெட்டு."

"ஐயோ. எங்கப்பா மாதிரியே கண்டுபிடிக்கிறீங்க." பெண் சிரித்தாள். "அவர்தான் உங்களைப் பத்தி பெருமையா சொல்லுவார், அவ கண்ணுல எதுவும் தப்பாதுன்னு. நேத்து நைட்டு கூட, எனக்கு வாழ்க்கையில ஒரே ஒரு ஸ்டூடண்டுதான்னாரு. அப்ப நான் யாருப்பான்னேன். நீ கடன்காரின்னாரு."

சிட்டு சிரிக்கவில்லை. "மதியம் வெளியே போக வேண்டாம். சாப்பாடு வரவழைக்கிறேன்," என்றாள்.

பெண்ணின் முகம் மலர்ந்தது. நல்ல மேடம் என்று நினைக்கிறாள் என்பது அப்படியே தெரிந்தது. அதைப் பார்க்கச் சிட்டுவுக்குக் கசக்கவில்லை. அதுதான் உண்மை. பதினெட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது கொஞ்சம் இறங்கியது போலக்கூட இருந்தது.

டப்பா அதிர்ந்துகொண்டே இருந்தது. அடங்கும், மறுபடி தொடங்கும். சாப்பாட்டுக்குப் பின் டிராயிங் அண்ணன் அவள் மேஜைக்கு வந்து நின்றார். பழைய அலுவலகத்தில் அன்றைக்கு அவரும் இருந்தவர்.

"என்ன அண்ணே?"

"டப்பா காலையிலேருந்து தொண்டை வறளக் கத்துது. உங்களுக்குக் காது கேக்குதான்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கேக்குது."

"எடுத்துப் பேசினீங்களே. யாருக்கு என்ன?"

"அவங்கப்பாவுக்கு."

அவர் மாடல் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நான் என்ன பண்ணினேன் அண்ணே? அன்னைக்கு நீங்களும் பக்கத்து மேஜையிலதான இருந்தீங்க. அப்ப யாரும் யாரையும் கேக்கலியே."

அவர் வாய் முதல் முறையாகக் குட்டையாயிற்று. தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, கோடு எதுவும் போடாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் சொல்ல அவராலும் முடியவில்லை. அன்றைக்கும் அப்படித்தான்.

சிட்டு வேலையைப் பார்ப்பது போல டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அதிர்வும் அவளுக்கு ஒரு செய்தி. இன்னும் கேட்கிறார். இன்னும் கிடக்கிறார். வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். ஆறு மணி வரை, அவர் வைத்த கணக்குப்படி, ஒரு நிமிஷம் குறையாமல் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மூன்றரை வாக்கில் டப்பா அடங்கியது.

அவள் காத்திருந்தாள். மறுபடி தொடங்கவில்லை. அலுவலகத்தில் திடீரென்று எல்லாச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது: பிரிண்டர், தண்ணீர்க் குழாய், உள்ளே மின்விசிறி. அதிர்வைத் தாங்கியவளால் அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. எழுந்தாள். டப்பாவைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு மாடல் அறைக்குப் போனாள். என்ன சொல்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லியது.

"வீட்ல ஏதோ அவசரமாம். போ."

பெண் போனை வாங்கினாள். திரையைப் பார்த்தாள். வரிசையாக வந்து நின்ற அழைப்புகளை விரலால் தள்ளிக்கொண்டே போனாள், அவை முடியவில்லை. இடுக்கியைக் கீழே வைக்கவும் மறந்து, கையில் அதோடேயே ஓடினாள். அவள் போய்ச் சேரும்போது அவர் முகத்தை மூடியிருந்தார்கள்.

ஐந்து மணிக்குக் கட்சிக்காரர் வந்தார். மேலே இரண்டு படி இல்லாத மாடலைப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்றார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் வந்தாள். இளைத்திருந்தாள். சிட்டு எழுந்து நின்றாள்.

"இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இருந்திருக்கலாமேம்மா. வேற இடத்துல சேரணும்னாலும் நான் பேசி வைக்கிறேன்."

"வேண்டாம் மேடம். இங்கேயே கத்துக்கறேன்." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. அன்னைக்குக் காலையிலயே நீங்க போனை எடுத்துப் பேசினீங்களாமே. சொல்றேன்னு சொன்னீங்களாமே."

யாரும் கேட்காமலேயே பையிலிருந்து போனை எடுத்தாள். டப்பாவைத் திறந்து உள்ளே வைத்து, மூடியை நன்றாக அழுத்தினாள். கொண்டுபோன இடுக்கியைச் சிட்டுவின் மேஜையில் வைத்துவிட்டு மாடல் அறைக்குள் போனாள்.

சிட்டுவுக்கு அந்த முகம் தெரியும். அதைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

மிச்சப் பயிற்சி முழுக்க அந்தப் பெண் ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. அதிகம் பேசவில்லை, சிரிக்கவில்லை. ஒரு முறை சொன்னால் போதும், பிடித்துக்கொண்டாள். கத்தியை அழுத்தாமல் லேசாக மூன்று முறை இழுத்தாள். மேஸ்திரியின் கண்ணைப் பார்த்தே கம்பியை எண்ணினாள். சிட்டுவின் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் அவளிடம் தனியாகப் பேசி, படிப்பு எப்போது முடியும் என்று கேட்டுவைத்தார்கள்.

"எவ்வளவு பொறுமை, பாத்தீங்களா," என்றார் டிராயிங் அண்ணன் ஒரு நாள். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் சிட்டு.

கடைசி நாள் சிட்டு முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தாள். பெண் வாங்கிக்கொண்டு, வணக்கம் சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து போனை எடுத்துக்கொண்டு போனாள். கொடுத்த வேலையில் ஒன்றையும் அவள் பாக்கி வைக்கவில்லை, ஒன்றைத் தவிர. அந்த மாடல் இன்னும் மாடல் அறை அலமாரியில்தான் இருக்கிறது. மேல் இரண்டு படிகளும் அட்டையின் கனம் கழித்து, அளவு பிசகாமல் வெட்டி, பக்கத்தில் ஒரு பசை மூடிக்குள் கிடக்கின்றன. ஒட்டவில்லை.