பட்டாணி உரிக்க ஒரு நியமனம்

கனடாவின் மொன்றியல் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தால் அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் இருப்பார்கள் என்று நாங்கள் நம்பினோம். ஆனால் நினைவு தளர்ந்த அப்பாவை மூன்றாம் மாடியிலும் அம்மாவைக் கீழ்த்தளத்திலும் வைத்தார்கள். அப்பா நாளெல்லாம் அம்மாவைத் தேடி நடந்தார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கன்னியாஸ்திரீகள் ஏழைகளுக்காக நடத்திய விடுதி அது. அங்கே எஞ்சியிருந்த அவர்களுடைய பதிவேடுகளை அடுக்கிவைக்க நான் தன்னார்வலராக வாரந்தோறும் போனேன். சன்னலுக்கு வெளியே பனி ஓசையின்றி இறங்கிய ஒரு பிற்பகலில், மங்கிய பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒரு குறிப்பைக் கண்டேன். கணவனும் மனைவியும் தனித்தனிப் பகுதிகளில் இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. ஆயினும் பார்வையற்ற ஒரு முதியவரை, அவர் மனைவி வேலைசெய்த சமையலறையில் பட்டாணி உரிக்க நியமித்திருந்தார் தலைமைச் சகோதரி. அந்தச் சமையலறையின் நீராவி என் முகத்தில் பட்டதுபோல் இருந்தது.

குறிப்பை இல்லத்தின் மேலாளரிடம் வாசித்துக் காட்டினேன். மறுவாரம் முதல் கீழ்த்தள உணவறையில் நாப்கின் மடிக்கும் பணி அப்பாவுக்குக் கிடைத்தது.

"வீட்டில ஒரு துவாயும் மடிக்காத மனிசன், இஞ்ச வந்து உத்தியோகம் பாக்கிறார்," என்றார் பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மா.

"ஓமப்பா, லீவும் தரமாட்டினமாம்," என்றார் அப்பா.

இரண்டு பனிக்காலங்கள் அப்படிக் கழிந்தன. இப்போது அம்மா மட்டும் இருக்கிறார்.