டிக்கியில் கண்ட உப்பு

சில்வர் நைட்ரேட் அடைத்த ஒரு சின்னப் பழுப்புக் குப்பி முப்பது வருஷம் என் கைப்பையில் இருந்தது. தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் சரக்கு நனைந்திருந்தால், அது கடல்தண்ணீரா மழைத்தண்ணீரா என்று பார்த்துச் சொல்லும் சர்வேயர் வேலை எனக்கு. துருப்பிடித்த இரும்பின் மேல் ஒரு சொட்டு விட்டால் போதும், உப்பு இருக்கிற இடம் பாலாக வெளுத்துவிடும். அதற்குப் பிறகு யார் என்ன கதை அளந்தாலும் எடுபடாது. பொய்களையே பார்த்துப் பார்த்து எனக்குச் சந்தேகம் சுவாசம் மாதிரி ஆகிவிட்டது. பால்காரரைச் சந்தேகப்பட்டேன், ஞாயிறு ஆராதனையில் பக்கத்தில் உட்காருகிறவரைச் சந்தேகப்பட்டேன். அதைப் பெருமையாகவும் நினைத்திருந்தேன்.

எங்கள் டிரைவர் புன்னைக்காயல்காரர். அப்போதெல்லாம் நான் அவரை 'அவன்' என்றுதான் சொல்வேன். பதினோரு வருஷம் என் காரை ஓட்டினார். நான் வெளியூர் போகும் நாட்களில் கார் அவர் வீட்டு வாசலில் நிற்கும். சனிக்கிழமைதோறும் என் மனைவி கொடுக்கும் பார்சலைச் சாயர்புரத்தில் மகள் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர்தான். அதிகம் பேசமாட்டார். அந்த அமைதியே எனக்கு உள்ளூர ஒரு உறுத்தல். எதையோ மறைக்கிறவன்தான் இப்படி வாயைத் திறக்காமல் இருப்பான் என்று நினைப்பேன்.

ஒரு நாள் ஸ்டெப்னியை எடுப்பதற்காக டிக்கியில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கினேன். அடித்தகடு செதில்செதிலாக உரிந்து, ஒரு மூலையில் ஓட்டையே விழுந்திருந்தது. அதன் வழியாகத் தரை தெரிந்தது. குப்பியை எடுத்து ஒரு சொட்டு விட்டேன். பளிச்சென்று வெளுத்தது. மீன்பிடிக்கிற ஊர், அங்கே நிற்கும் கார், டிக்கியில் உப்பு. இதற்கு மேல் எனக்கு விசாரணை தேவைப்படவில்லை. அவரைக் கூப்பிட்டு, எத்தனை நாளாக என் காரில் மீன் லோடு அடிக்கிறாய் என்று கேட்டேன். லோடு ஏற்றவில்லை சார் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். வெளுத்துக் கிடந்த இடத்தைக் காட்டினேன். அதைப் பார்த்தார், வாசலில் நின்றிருந்த என் மனைவியைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன். சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

மூன்றாம் மைல் பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில் காரை விட்டேன். அவர் பழைய தகட்டை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, ரெட் ஆக்சைடு பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்தார். நல்ல தகடுதானா என்று நான் தட்டித் தட்டிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் காரை நானே ஓட்டினேன், சனிக்கிழமைப் பார்சலையும் நானே கொண்டுபோனேன். இனி இதில் மீன் ஏறாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஏழெட்டு மாதத்தில் அதே மூலையில் பெயின்ட் கொப்பளித்தது. டிங்கர் ஏமாற்றிவிட்டான் என்று ஒரு சனிக்கிழமை நேரே பட்டறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அவர் டிக்கியைத் திறந்து, மேட்டைத் தூக்கி, ஈரத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, வண்டியில மீன் ஏத்துதியளா?"

"என் வண்டியில ஒரு நாளும் மீன் ஏறாது."

"அப்ப இது என்னது?" என்றார், டிக்கியில் இருந்த தெர்மாகோல் பெட்டியைக் காட்டி.

"அது மக வீட்டுக்குப் போறது," என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. பெட்டியின் அடிமூலை உடைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் மேல் இரண்டு கை கல்லுப்பைத் தூவி மீனை அடுக்குவது என் மனைவியின் அம்மா வீட்டு வழக்கம். வாராவாரம் சீலா மீனோ பாறை மீனோ அப்படித்தான் போகும். மகளுக்குக் கொடுத்துவிடுவதை மீன் ஏற்றுவது என்று எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததே இல்லை. புன்னைக்காயல்காரர் ஏற்றினால்தான் அது மீன். எனக்கு வெட்கமாக இருந்தது. டிங்கர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் மாலை புன்னைக்காயலுக்குப் போனேன். அவர் வீட்டின் முன் ஒரு லோடு ஆட்டோ நின்றது, அதுதான் இப்போது அவர் ஓட்டுவது. என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார், அவர் மனைவி காப்பி கொண்டுவந்தார். நடந்ததை முழுக்கச் சொல்லி, என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கே தெரியும் சார்."

"பெறகு ஏன் சொல்லல?"

"துரு எப்படி வந்துச்சின்னு நீங்க கேக்கலயே. எத்தன நாளா ஏத்துதன்னுதான கேட்டிய. அம்மா மகளுக்கு ஆசையா குடுத்து விடுத மீன நான் எப்படி குத்தம் சொல்லுவேன்?"

அவரைத் திரும்ப வேலைக்கு வரும்படி கெஞ்சாத குறையாகக் கேட்டேன். ஆட்டோவை ஒரு தடவை பார்த்தார். அவர் குரலில் துளியும் கோபம் இல்லை.

"வேண்டாம் சார். நாளைக்கு வண்டியில ஒரு கீறல் விழுந்தாலும் நீங்க மொதல்ல என் மூஞ்சியத்தான் பாப்பிய."

அப்படிப் பார்க்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல வரவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.