தண்ணீர் குடிக்காத ரயில்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். என் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து போகும், எழுத்துப் பிழையும் இருக்கும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன். புரியாத இடம் வந்தால் கோபிக்காமல் தாண்டிப் போங்கள்.

எங்கள் செஞ்சிக்கு ரயில் கிடையாது. மூன்று மலையும் கோட்டையும் உண்டு, பஸ் உண்டு. எண்பதுகளில், நான் சின்னப் பையனாக இருந்தபோது, அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில்தான் முதன்முதலாக ரயிலில் ஏறினேன்.

அத்தை ஊர் ஒரு பெரிய ஏரிக்கரையில் இருந்தது. வெள்ளைக்காரன் தண்டவாளம் போட வந்தபோது ஏரி குறுக்கே கிடந்ததாம். ஏரியில் கை வைக்க ஊர்க்காரர்கள் விடவில்லையாம். அதனால் தண்டவாளம் ஏரியைப் பாதி சுற்றிக்கொண்டு, எதிர்ப்பக்கம் இருக்கும் அடுத்த நிறுத்தத்துக்குப் போகும். கரைமேல் நடக்கிறவனுக்கு நேர்வழி, ரயிலுக்குச் சுற்றுவழி. அந்த வளைவில் ரயில் மாட்டுவண்டி மாதிரிதான் நகரும்.

கரி இன்ஜின் அந்த ஸ்டேஷனில் நின்று, ஏரித் தண்ணீரைக் குழாய் வழியாக வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். அதற்குள் ஆண்கள் டீ குடித்துவிடுவார்கள், வழியனுப்ப வந்த பெண்கள் அழுது முடித்துவிடுவார்கள். அவசரப்பட்டு ஏறுகிறவனை ஊரே வேடிக்கை பார்க்கும்.

இது நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசை பஸ். அதில் படி வழியாக ஏறி இடம் பிடித்தவன் எவனும் இல்லை. மற்றவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவார்கள். நைனா என்னைப் போடுவார்.

ஊருக்குத் திரும்பும் நாளில், பாதி வழி ரயிலில் போய் அப்புறம் பஸ் பிடிக்கலாம் என்று ஸ்டேஷனுக்கு வந்தோம். வந்தது கரி இன்ஜின் இல்லை. புகை இல்லாமல், பெட்டி போல ஒன்று உறுமிக்கொண்டு வந்து நின்றது. டீசல் இன்ஜின் என்றார்கள். அந்தப் பாதையில் அன்றுதான் முதல் தடவையாம். எல்லோரும் அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நைனா மட்டும் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றிலும் கம்பி. ஒன்றில் மட்டும் கம்பி இல்லை. அடுத்த நொடி நான் உள்ளே இருந்தேன்.

"நாலு எடம். ஒருத்தரையும் உக்கார வுடாத, இன்னா?"

வெளியே அம்மாவும் அத்தையும் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். அம்மாவுக்குக் கொஞ்சம் பயம். "கொழந்த உள்ள இருக்குது, ஏறிடலாமா?" என்றாள்.

"அட, இரு தங்கச்சி," என்றார் அத்தை வீட்டு மாமா. "இன்னா இன்ஜினா இருந்தா இன்னா? தண்ணி குடிக்காம எது ஓடும்?"

அது ஓடியது. எருமை கத்தியதுபோல் ஒரு சத்தம் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. நைனா பாய்ந்து வந்து, பஸ்ஸைத் தட்டுவதுபோல் பெட்டியின் பக்கத்தில் படபடவென்று தட்டி, "ஓல்டான்! ஓல்டான்!" என்று கத்தினார். செஞ்சியில் எந்த பஸ்ஸும் அதற்கு நிற்கும். ரயிலுக்கு அந்த மரியாதை தெரியவில்லை.

நான் பயப்படவில்லை. எனக்கு வேலை இருந்தது. பலகையில் கால் நீட்டிப் படுத்து, எதிர்ப் பலகையில் செருப்பை வைத்திருந்தேன். தக்காளிக் கூடையோடு ஒரு அம்மாள் வந்து என் காலைத் தள்ளினாள்.

"உக்காராத. ஆள் வருது," என்றேன்.

"எங்கடா வருது? ரயிலே கெளம்பிடுச்சி."

"வருவாங்க."

"வானத்துலேர்ந்து குதிச்சா வருவாங்க?"

நான் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினேன். "அதோ, வராங்க பாரு."

தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஏரிக்கரைமேல் எங்கள் குடும்பமே ஓடிக்கொண்டிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நைனா, பின்னால் அம்மா, அக்கா, தலையில் எங்கள் டிரங்குப் பெட்டியோடு மாமா. நான் சந்தோஷமாகக் கை ஆட்டினேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் போய்க் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

"பொட்டிக்காரரு பின்தங்கிட்டாரு!"

"அந்தம்மாவப் பாருய்யா, புருசனத் தாண்டிடுச்சி!"

உண்மைதான். தெருவில் நைனாவுக்கு நாலடி பின்னால் மட்டுமே நடக்கிற அம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் பறந்துகொண்டிருந்தாள். நான் கைதட்டினேன்.

அடுத்த நிறுத்தம் வந்தது. அம்மா இன்னும் கரையைவிட்டு இறங்கவில்லை. தக்காளிக்கார அம்மாள் அங்கேதான் இறங்கவேண்டும். ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாக நின்றுகொண்டு, கூடையைத் தூக்க முடியாமல் திணறினாள்.

"எறங்கும்மா! எவ்ளோ நேரம்?" கார்டு கொடியோடு கத்தினார்.

"கூட மாட்டிக்கிச்சி சார். கனமா இருக்குது சார்."

"யாராச்சும் ஒரு கை குடுங்கய்யா!"

"வாணா வாணா, நசுங்கிடும். நானே எறக்கிக்கறேன். கொடியக் காட்டிடாத சார், வுழுந்துடுவேன்!"

வேண்டுமென்றே படுத்துகிறாள், இடம் கொடுக்காத கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் கை படிக்கம்பியைப் பிடித்தது. அக்கா, அப்புறம் நைனா. கடைசியாக மாமா வந்து டிரங்குப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, மூச்சு வாங்க, "தண்ணி குடிக்கலியே மச்சான்!" என்றார்.

"நீ போய் குடி மாமா," என்றார் நைனா. பெட்டியே சிரித்தது.

"நாலு எடமும் புடிச்சி வச்சிருக்கேன்," என்றேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எல்லோரும் என் பலகையிலேயே வந்து விழுந்தார்கள். அம்மா என் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, அடித்த கையாலேயே என்னை இறுக்கிக்கொண்டாள். எதிர்ப் பலகையில் என் செருப்பு மட்டும் உட்கார்ந்து வந்தது.

ரயில் நகர்ந்தபோது வெளியே பார்த்தேன். தக்காளிக்கார அம்மாள் குனிந்து, யார் துணையும் இல்லாமல், ஒரே வீச்சில் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு விடுவிடுவென்று நடந்து போனாள். இவ்வளவு லேசாகத் தூக்குகிறவள், படியில் மட்டும் ஏன் அப்படித் திணறினாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

எழுதி முடித்தது: கார்த்திகை மாதம், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை.