காது அக்காவின் ஹெட்போன்

உங்கள் வீட்டில் ஒரு கோளாறு என்றால் முதலில் எதைச் சந்தேகப்படுவீர்கள்? பொருளையா, ஆளையா? ஆளை என்றால், எந்த ஆளை? அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம்.

நான் சொல்லப்போகும் பெண்மணிக்கு அலுவலகத்தில் பெயர் ‘காது அக்கா’. மருத்துவர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு அறிக்கையாகத் தட்டச்சு செய்வது அவர் வேலை. எதையோ மென்றுகொண்டே பேசும் மருத்துவர், ஓடும் காரிலிருந்து பேசும் மருத்துவர், யார் பேச்சும் அவருக்குப் பிடிபடும். மற்றவர்கள் கைவிட்ட பதிவுகளெல்லாம் அவரிடம்தான் வரும். பிள்ளை பிறந்த பிறகு வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். படுக்கையறை மூலையில், துணி மடிக்கும் மேசையில் பாதியை ஒதுக்கி ஒரு கணினி. பகலில் அது அவருடையது. மாலையில் கணவர் அதில் ஒலிபெருக்கி வைத்துப் படம் பார்ப்பார்.

ஒரு நாள் பதிவுகளில் கரகரப்பு தொடங்கியது. குரல் உயரும் இடங்களில் சொற்கள் உடைந்து சிதறின. ஒலியைக் கூட்டினார், இரைச்சலும் கூடியது. ஹெட்போனைத் துடைத்துப் பார்த்தார். அடுத்துச் சோதிக்க வேண்டியது கணினியை. அக்காவோ நேராகத் தன் காதைச் சந்தேகப்பட்டுவிட்டார்.

அவருடைய அப்பாவுக்கு நடுவயதிலேயே காது மந்தமாகிவிட்டது. கூப்பிட்டது கேட்காமல் அவர் தன்பாட்டில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். முதுகுக்குப் பின்னால் வீடே சிரிக்கும். மகளும் சேர்ந்து சிரித்திருக்கிறார். இப்போது தன் முறை என்று நினைத்துக்கொண்டார்.

கணவரிடம் ஒருமுறை, சத்தம் சரியாக இல்லை என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். கணவர் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “உங்க அப்பா சொத்துல உனக்கு வந்த பங்கு அதுதான் போல” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அதன்பின் அக்கா அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

அறிக்கைகளில் காலியிடங்கள் பெருகின. அந்த அறிக்கைகள் சிவப்பு அடையாளத்தோடு திரும்பி வந்தன. உடம்புக்கு முடியவில்லையா என்று மேற்பார்வையாளர் தன்மையாகவே கேட்டார். அந்தத் தன்மைதான் அக்காவைக் கூனிக்குறுக வைத்தது. பிடிபடாத இடத்தை ஊகித்து நிரப்பவும் மனம் வரவில்லை. எங்கோ ஒரு நோயாளியின் உடம்பாயிற்றே. காது மருத்துவரிடம் போகக் கூச்சம். போனால் உறுதியாகிவிடும். திங்கட்கிழமை வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கண் வலிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். கண்ணாடி போட்டவரைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அண்ணி சமையலறையில் இருந்தபோது, கணினியில் பாட்டுக் கேட்கலாம் என்று ஹெட்போனை மாட்டியவள் உடனே அதைக் கழற்றினாள்.

“அண்ணி, என்னது இது? கொதிக்கிற எண்ணெய்ல தண்ணிய ஊத்தின மாதிரி இருக்கு.”

அக்கா கையில் கரண்டியோடு வந்து நின்றார். “உனக்கும் கேக்குதா?”

“கேக்குதாவா? இதை மாட்டிக்கிட்டா இத்தனை நாளா வேலை செஞ்சீங்க?”

அக்கா கரண்டியை மேசையில் வைத்தார். ஹெட்போனைக் கைபேசியில் செருகிக் கேட்டார். ஒரு பிசிறு இல்லை. ஆக, காதும் சரி, ஹெட்போனும் சரி. இருவரும் கணினியின் ஒலி அமைப்பைத் திறந்தார்கள். ஒலியை எடுப்பாகக் காட்டும் வசதி ஒன்று உச்ச அளவில் வைக்கப்பட்டிருந்தது. அதை அணைத்து, ஹெட்போனைத் திரும்பக் கணினியில் செருகிக் கேட்டபோது இரைச்சல் இல்லை.

கதவோரம் நின்றிருந்த கணவர் தொண்டையைச் செருமினார். “சண்டைக் காட்சில நல்லா அதிரணும்னு நான்தான் அதைப் போட்டேன்.”

“அவங்க சொன்னப்ப ஒரு தடவை இதை எடுத்து உன் காதுல வெச்சுப் பார்த்தியா அண்ணா?” என்று கேட்டாள் தங்கை.

இல்லை. அந்த வீட்டில் அந்த ஹெட்போனை வேறு யாரும் தொட்டதே இல்லை. கணவர் நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். தங்கை அந்த வசதியை மறுபடி முடுக்கிவிட்டாள். பாட்டு முடியும்வரை கேட்டார்; முடிந்த பிறகும் தலை நிமிரவில்லை.

அக்காவுக்கு அவரைப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை வருடம் தனக்குச் சோறு போட்ட காதை, ஒரு சோதனைகூடச் செய்யாமல் குற்றவாளியாக்கிவிட்டோமே என்ற வெட்கம் அவருக்கு. மறுநாள் மேற்பார்வையாளரை அழைத்து, கணினியில் இருந்த கோளாறை உள்ளபடி சொன்னார். திரும்பி வந்த அறிக்கைகளின் பதிவுகள் அத்தனையையும் மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

கணினியைப் பார்க்குமுன் தன்னையே பழிக்கும் புத்தியோடு எந்தப் பெண்ணும் பிறப்பதில்லை. கேலி பேசிப் பேசி நாம் பழக்குகிறோம். உங்கள் வீட்டிலும் யாராவது, ‘எனக்குத்தான் சரியா கேக்கலையோ’ என்று தயங்கிச் சொன்னால், தயவுசெய்து பதில் பேசாதீர்கள். எழுந்து போய் அந்த ஹெட்போனை வாங்கி உங்கள் காதில் மாட்டுங்கள்.