மைனஸ் ஒன்று

தோட்டத்தில் லோரி ஓட்டிய சில்வெஸ்டர் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவருடைய ஒரே மகள் கான்ஸ்டன்ஸ் கோலாலம்பூரில் கணித ஆராய்ச்சி மாணவி. அம்மா ஏற்கெனவே இல்லை. ஒரு வாரத்துக்கென்று கோலசிலாங்கூருக்கு வந்தவள் அப்படியே தங்கிப்போனாள். பகலெல்லாம் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, கஞ்சி ஊட்டி, மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். கடைக்குப் போவதென்றாலும் பக்கத்து வீட்டு லெட்சுமி வந்து உட்கார வேண்டும்.

ஆராய்ச்சியை மட்டும் விடவில்லை. எண்களைப் பிரிக்கும் விதங்களைப் பற்றியது அது: ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால், மேல்வரிசையில் மூன்று கட்டம், கீழே இரண்டு. இப்படி ஒவ்வொரு பிரிவினைக்கும் ஒரு வடிவம். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு சமச்சீர்க் கோவை. அதிலுள்ள x, y போன்ற எழுத்துகளை எப்படி இடம் மாற்றினாலும் கோவை மாறாது. தான் உருவாக்கிய புதிய கோவைகளை இவற்றின் கூட்டலாக விரித்தால் எந்தக் கெழுவும், அதாவது ஒவ்வொன்றின் முன்னாலும் நிற்கும் எந்த எண்ணும், மைனஸில் வராது என்று அவள் நம்பினாள். நிரூபணத்தில் ஒரு படிதான் பாக்கி. முடித்துவிட்டால் வெளிநாட்டில் வேலை கிடைக்கும், அப்பாவையும் கூட்டிப் போகலாம் என்று அவளுடைய ஆய்வு வழிகாட்டி பேராசிரியை புனிதவதி சொல்லியிருந்தார்.

அந்த வேலைக்கான நேர்காணலில் நிகழ்த்தவேண்டிய உரையில் காட்டுவதற்காகப் பெரிய வடிவம் ஒன்றை விரித்துப் பார்த்தாள். ஒரு கெழு மைனஸ் ஒன்று என்று வந்தது. மறுபடி போட்டாள். கணினியும் அதையே சொன்னது. சின்ன வடிவங்களை மட்டும் காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு கணம் மனம் சறுக்கியது. பிறகு புனிதவதிக்குப் போன் போட்டாள்.

“டாக்டர், மைனஸ் வருது.”

“எங்கயாச்சும் சைன் மாறியிருக்கும் லா. இன்னொருக்கா பாரு.”

“பாத்துட்டேன் டாக்டர். நான் நெனச்சதே தப்பு.”

“அப்போ அந்த வேலைக்கு உன் பேரச் சொல்ல முடியாதேம்மா” என்றார் புனிதவதி.

அவள் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த சில்வெஸ்டர் படுக்கையிலிருந்து குழறலாகக் கேட்டார்: “என்னாலதானேம்மா?”

“இல்லப்பா. உங்களால இல்ல.”

அது உண்மைதான். ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரால்தான் என்றிருந்தால் கோபப்பட்டாவது ஆற்றிக்கொண்டிருக்கலாம்.

ஏற்கெனவே நாள் குறித்திருந்த உரையை வீட்டிலிருந்தே கணினி வழியாக நிகழ்த்தி, தன் நம்பிக்கை உடைந்த இடத்தைத் தானே காட்டினாள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அந்த மைனஸ் ஒன்று மட்டும் அவள் பெயரில் ஒரு சிறு கட்டுரையாக வெளிவந்தது.

எந்த வடிவங்களில் மைனஸ் வரும், எவற்றில் வராது என்று இப்போது தேடுகிறாள். வழி இன்னும் புலப்படவில்லை. அப்பா கூப்பிட்டால் எழுந்து போகிறாள்.